பட்டம் பெற்ற பிறகு படித்த 39 கிரெடிட்: மருத்துவக் கல்லூரிக்கு மீண்டும் விண்ணப்பித்த ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

நியூஜெர்சியில் உள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் கரிம வேதியியல் கற்பிக்கிறேன். வார இறுதியில் எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளியிலும் வகுப்பெடுக்கிறேன். அங்கே பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் அதிகம் கேட்பது மருத்துவக் கல்லூரியைப் பற்றித்தான். அப்படி வந்த ஒரு குடும்பத்தின் கதையை, 2021 மார்ச்சிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை நடந்தபடியே இங்கே எழுதுகிறேன். மாணவியும் பெற்றோரும் இதற்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். என் தவறுகளை விட்டுவிடவில்லை.

பின்னணி

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மருத்துவம் படிக்கப் போக முடியாது. பெரும்பாலும் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பிறகுதான் விண்ணப்பிக்கிறார்கள். எந்தப் பட்டமாக இருந்தாலும் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு ஓராண்டு படித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. உயிர்வேதியியலையும் இப்போது பல கல்லூரிகள் கேட்கின்றன. அதற்கு மேல் எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வு. அதன் மதிப்பெண் 472இல் தொடங்கி 528இல் முடியும்.

மாணவி உயர்நிலைப் பள்ளியில் முன்னணியில் இருந்தவர். 2016இல் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் சேர்ந்தார். பள்ளியிலேயே கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி. வேதியியல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்ததால் பொது வேதியியலைத் தாண்டி, முதல் பருவத்திலேயே கரிம வேதியியல் வகுப்பில் உட்கார வைக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் மொத்தம் 18 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) எடுத்திருந்தார். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வர நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். முதல் பகுதியில் சி பிளஸ் வந்தது. இரண்டாம் பகுதியில் சி மைனஸ். வாழ்க்கையில் முதல்முறையாக சி வாங்கியவர் அதை வீட்டில் சொல்லவில்லை. அப்பா கேட்டபோதெல்லாம் "நன்றாகப் போகிறது" என்றே பதில் சொல்லியிருக்கிறார்.

2020 மே மாதம் பட்டம் வாங்கும்போது 122 கிரெடிட்டுக்கு ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.96. அறிவியல், கணிதப் பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 62 கிரெடிட்டுக்கு 2.70.

முதல் விண்ணப்பம்: 2020

பட்டம் கையில் வந்ததும் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பது வீட்டின் அவசரம். பெருந்தொற்றால் மார்ச் இறுதியிலிருந்து மே வரை எம்கேட் தேர்வுகள் ரத்தாகியிருந்தன. ஜூலையில், அந்த ஆண்டுக்கென்று சுருக்கப்பட்ட ஐந்தே முக்கால் மணி நேரத் தேர்வை எழுதினார். மதிப்பெண் 501. தேர்வு எழுதுபவர்களின் நடு மதிப்பெண்ணே 500ஐ ஒட்டித்தான் இருக்கும்.

24 எம்.டி. கல்லூரிகளுக்கு (இங்கே எம்.டி. என்பதே முதல் மருத்துவப் பட்டம்) விண்ணப்பம் போயிற்று. இங்கே விண்ணப்பங்கள் வர வரப் பார்க்கப்படுகின்றன. நேர்காணல் இடங்களும் அப்படியே நிரம்பிக்கொண்டு வரும். ஜூனில் அனுப்பியவருக்கு இருக்கும் வாய்ப்பு செப்டம்பரில் அனுப்பியவருக்கு இருக்காது. கல்லூரிகள் கேட்ட கட்டுரைகளில் மாணவியின் கடைசிக் கட்டுரை அக்டோபரில்தான் போயிருக்கிறது. போதாக்குறைக்கு, 2021 சேர்க்கைக்கு நாடு முழுவதும் 62 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். முந்தைய ஆண்டைவிட அது ஏறக்குறைய 18 விழுக்காடு அதிகம். எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் சுமார் 22,700 பேர்.

மாணவிக்கு ஒரு நேர்காணல்கூட வரவில்லை. விண்ணப்பக் கட்டணங்களாக மூவாயிரம் டாலருக்கு மேல் போயிருந்தது.

மதிப்பெண் பட்டியலில் கண்டது

2021 மார்ச்சில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு ஆண்டு மதிப்பெண் பட்டியலை அப்பா விரித்து வைத்திருந்தார். மஞ்சள் பேனாவால் ஏ வந்த இடங்களை மட்டும் கோடிட்டிருந்தார். "டீச்சர், ஒவ்வொரு ஆண்டும் ஏறித்தானே இருக்கிறாள்? இதை ஏன் அவர்கள் பார்க்கவில்லை?" என்று கேட்டார்.

ஏறித்தான் இருந்தது: 2.61, 2.83, 3.08, 3.31. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு ஆம்காஸ். அதில் ஒவ்வோர் ஆண்டின் மதிப்பெண்ணும் இரண்டு பத்திகளாகப் பிரிந்து தெரியும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவை ஒரு பத்தி, மற்றதெல்லாம் இன்னொன்று. அந்தக் கணக்கில் நான் பிரித்து எழுதிப் பார்த்தபோது அறிவியல் பத்தி 2.6, 2.7, 2.7, 2.8 என்று ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. ஏற்றம் முழுவதும் சமூகவியலிலும் எழுத்துப் பயிற்சி வகுப்புகளிலும் இருந்து வந்தது. அப்பா கோடிட்ட ஏ எதுவும் அறிவியல் பத்தியில் இல்லை. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. கரிம வேதியியல் இரண்டாம் பகுதியில் சி மைனஸ் வாங்கியவர் அதைத் திரும்பப் படிக்கவில்லை. நுழைவுப் பாடத்தில் குறைந்தது சி வேண்டும் என்று கேட்கும் கல்லூரிகள் பல. அந்தக் கல்லூரிகளில் இவர் விண்ணப்பம் அந்த ஒரு வரியிலேயே நின்றுபோயிருக்கும்.

முன்னிருந்த வழிகள்

அப்பாவின் முதல் யோசனை கரீபியன் தீவுகளில் உள்ள கல்லூரி. அங்கே செப்டம்பரிலேயே இடம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மருத்துவப் பட்டம் முடித்தவர்கள் மருத்துவமனையில் பெறும் உறைவிடப் பயிற்சிக்கு, அந்த மார்ச் மாதம்தான் வெளியான ஒதுக்கீட்டு முடிவுகளைக் காட்டினேன். அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 92.8 விழுக்காட்டினருக்கும், டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம் என்னும் இன்னொரு மருத்துவப் பட்டம்) மாணவர்களில் 89.1 விழுக்காட்டினருக்கும் முதலாண்டுப் பயிற்சி இடம் கிடைத்திருந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அமெரிக்கக் குடிமக்களில் 59.5 விழுக்காட்டினருக்குத்தான் கிடைத்தது. பயிற்சி இடம் இல்லாமல் இங்கே மருத்துவம் பார்க்க முடியாது. கரீபியனில் படித்துச் சிறந்த மருத்துவர்களானவர்களை நான் அறிவேன். ஆனால், அங்கே எளிதாக இருப்பது உள்ளே போவது மட்டும்தான். கரிம வேதியியலில் தடுமாறியவர் தடுமாற்றத்தைச் சரிசெய்யாமல் அங்கே போனால் கடன் மட்டும் மிஞ்சும் என்று பயந்தேன்.

சென்னையில் இருந்த மாமா, வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்க்கலாம் என்றார். அதற்கும் நீட் எழுத வேண்டும். ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்க உரிமத் தேர்வுகளை எழுதி, அதே ஒதுக்கீட்டு வரிசையில் வெளிநாட்டுப் பட்டதாரியாக நிற்க வேண்டும். மாணவி இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக மறுத்துவிட்டார்.

மூன்றாவது, மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நடக்கும் ஓராண்டு சிறப்பு முதுநிலைப் படிப்பு. அதன் மதிப்பெண் ஆம்காஸில் பட்டமேற்படிப்பு என்ற தனி வரியில் நிற்கும், இளநிலை ஜி.பி.ஏ.வை அசைக்காது. மருத்துவ மாணவர்களின் வேகத்தில் ஓட வேண்டிய படிப்பு அது. அங்கே பி வாங்கினால் பிறகு சொல்ல எந்த விளக்கமும் இருக்காது.

நான்காவது, இங்கே எல்லோரும் போஸ்ட்பேக் என்று சொல்வது. பட்டம் பெற்ற பிறகும் இளநிலை அறிவியல் பாடங்களைப் படிப்பது. இதில் இரண்டு வகை உண்டு. கலை, வணிகம் படித்துவிட்டு மருத்துவத்துக்குத் திரும்புபவர்களுக்கானது ஒன்று. 1955இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியதும் 1972இல் பிரின் மார் கல்லூரியில் தொடங்கியதும் அந்த வகை. நுழைவுப் பாடங்களை ஏற்கெனவே முடித்துவிட்டவர்களுக்கு அவை பொருந்தாது. பாடங்களை முடித்தும் மதிப்பெண் குறைந்தவர்கள் அதற்கென இருக்கும் திட்டத்தில் சேரலாம். அல்லது அருகிலிருக்கும் பல்கலைக்கழகத்தில் பட்டம் நாடாத மாணவராகப் பதிந்து, வேண்டிய பாடங்களைத் தாங்களே தேர்ந்து படிக்கலாம். இந்தக் கடைசி வழியையே தேர்ந்தோம். கட்டணம் குறைவு, வீட்டிலிருந்து போய்வரலாம், வேலையும் பார்க்கலாம் என்பவை காரணங்கள்.

முதல் திட்டமும் அதைக் கைவிட்டதும்

நான் போட்ட முதல் திட்டம் தவறானது. சி வந்த ஐந்து பாடங்களையும் திரும்பப் படிக்கச் சொன்னேன். உறவினர் ஒருவரும் அதையே சொல்லியிருந்தார். டி.ஓ. கல்லூரிகள் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். அந்த விதி 2017இலேயே போய்விட்டது. இப்போது எம்.டி., டி.ஓ. என இரண்டின் விண்ணப்ப அமைப்புகளிலும் பழையதும் புதியதும் சேர்ந்தே கணக்கில் வரும்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மாணவி தனியாக என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே கரிம வேதியியல் அட்டைகள், நானூறாவது இருக்கும். நீல மையில் வினைபொருள், பச்சையில் வினைக்காரணி, பின்பக்கம் சிவப்பில் விளைபொருள். மூலைகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. ஒன்றை உருவிக் காட்டினேன்: ஆல்கஹால், வலிய அமிலம், சூடு. திருப்பிப் பார்க்காமலே "ஆல்க்கீன்" என்றார். சரியான விடை. எப்படி நடக்கிறது என்று தாளில் வரையச் சொன்னேன்.

முதல் அம்பையே அமிலத்தின் ஹைட்ரஜனிலிருந்து ஆல்கஹாலின் ஆக்சிஜனை நோக்கிப் போட்டார். அந்த அம்பு எலக்ட்ரான் நகர்வதைக் காட்டுவது. எலக்ட்ரான் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். இங்கே அது ஆக்சிஜனின் தனி இணையிலிருந்து ஹைட்ரஜனை நோக்கிப் போக வேண்டும். அவர் ஹைட்ரஜன் நகர்வதை வரைந்திருந்தார். பத்து வினைகளில் ஏழில் இப்படியே. விடைகள் பத்தும் சரி.

இருபது ஆண்டுகளாக இந்தப் பாடத்தைக் கற்பிக்கிறேன். இதைப் பார்த்த மறுகணமே நான்கு ஆண்டுகளில் நடந்தது புரிந்துவிட்டது. உழைப்பில் குறை இல்லை. பொது வேதியியலில் எலக்ட்ரான் கணக்கை நிதானமாகப் பழகும் ஓராண்டைத் தாண்டிவிட்டதால், பிறகு வந்த எல்லாவற்றையும் மனப்பாடத்தால் சமாளித்திருக்கிறார். அட்டையில் இல்லாத கேள்வி வந்ததும் விழுந்திருக்கிறார். உயிரியல் பாடங்களிலும் இதே பழக்கம்தான். பேராசிரியர்களின் அலுவல் நேரத்துக்கு நான்கு ஆண்டுகளில் எத்தனை முறை போனாய் என்று கேட்டேன். ஒருமுறைகூட இல்லை. "கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள், ஆன்ட்டி" என்றார்.

ஐந்து பாடங்களைத் திரும்பப் படித்தால் அதே அட்டைகளோடு இன்னொரு முறை உட்காருவார், பி வாங்குவார், மூன்றாம் முறை படித்தாலும் அவ்வளவுதான் என்று தோன்றியது. திட்டத்தை மாற்றினோம். கரிம வேதியியல் இரண்டாம் பகுதியை மட்டும் திரும்பப் படிப்பது. சி மைனஸை அப்படியே விடமுடியாது. மற்றவை எல்லாம் இதுவரை படிக்காத மேல்நிலைப் பாடங்கள். அதற்கு முன் அந்தக் கோடையில் பத்து சனிக்கிழமைகள், மதிப்பெண்ணும் கட்டணமும் இல்லாமல், அம்பு வரைவது மட்டும். செருப்புப் பெட்டி என் அலமாரியிலேயே இருந்தது.

கணக்கையும் அன்றே போட்டுக் காட்டினேன். 40 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் மொத்த ஜி.பி.ஏ. 3.2ஐ ஒட்டித்தான் நிற்கும். எம்.டி. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி 3.7க்கும் மேல். அந்தப் பள்ளத்தை யாராலும் நிரப்ப முடியாது. ஆனால் ஆம்காஸ் பட்டியலில் பட்டத்துக்குப் பிந்தைய இளநிலைப் பாடங்களுக்கு என்று ஒரு தனி வரி உண்டு. அந்த வரியில் நிற்கும் எண்ணுக்காகத்தான் இரண்டு ஆண்டு உழைப்பு.

2021 இலையுதிர் பருவம்

கரிம வேதியியல் இரண்டாம் பகுதி ஆய்வகத்தோடு, புள்ளியியல். ஏழே கிரெடிட். ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் பேசப் பேசக் குறிப்பெழுதும் ஸ்க்ரைப் வேலையில் வாரம் 32 மணி நேரம். பருவத்தின் இரண்டாம் வாரத்திலேயே அலுவல் நேரத்துக்குப் போக வேண்டும், போனதும் எனக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஒரே ஒப்பந்தம். முதல் செய்தி இப்படி வந்தது: "போனேன். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே சந்தேகம்."

கரிம வேதியியலில் ஏ மைனஸ், புள்ளியியலில் ஏ.

2022 வசந்தப் பருவம்: சறுக்கல்

மருத்துவப் படிப்புக்கு முன்தேவையான பாடங்களுக்கென்று கூட்டரசு தரும் கடன் தொடர்ச்சியாக 12 மாதங்களுக்குத்தான் கிடைக்கும். அந்தக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. மேலும், இரண்டே பாடங்களில் ஏ வாங்கினால் தேர்வுக் குழுவுக்கு அது போதாது. நிறையச் சுமையோடும் நன்றாகப் படிக்கிறாரா என்று பார்ப்பார்கள். இந்த இரண்டையும் மனத்தில் வைத்து மூன்று பாடங்கள் எடுக்கச் சொன்னேன்: உயிர்வேதியியல், உடலியங்கியல், செல் உயிரியல். மொத்தம் 11 கிரெடிட். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

ஒன்பதாம் வாரம் செல் உயிரியல் இடைத் தேர்வில் நூற்றுக்கு 61 வந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை பாடத்திலிருந்து விலகக் கடைசி நாள். விலகினால் பட்டியலில் ஒரு டபிள்யூ விழும்; ஜி.பி.ஏ. பாதிக்கப்படாது. தொடர்ந்தால் சி வரக்கூடும். புதிய வரியில் ஒரு சி விழுந்தால் அதுவரை செய்தது முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். அப்பா விலகச் சொன்னார். நானும் முதலில் அந்தப் பக்கமே சாய்ந்தேன்.

முடிவெடுக்குமுன் அந்தத் தேர்வுத் தாளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். இழந்த 39 மதிப்பெண்ணில் 26 கடைசி இரண்டு கேள்விகளில் போயிருந்தன. இரண்டும் பதில் எழுதப்படாத வெற்றுப் பக்கங்கள். எழுதிய பக்கங்களில் சிந்தனை சரியாக இருந்தது. மனப்பாடத்தின் சாயல் இல்லை. தேர்வுக்கு முந்தைய இரவு பதினொரு மணி வரை ஸ்க்ரைப் பணியில் இருந்துவிட்டு வந்து, காலையில் பாதித் தூக்கத்தில் எழுதியிருக்கிறார். புரிதல் குறைவு என்றால் விலகியிருக்க வேண்டும். நேரமும் தூக்கமும்தான் குறைவு என்பதால் தொடர்வது என்று மாணவியே முடிவு செய்தார். மறுநாள் வேலை நேரத்தை 16 மணியாகக் குறைத்துக்கொண்டார். வருமானம் பாதியாயிற்று. அந்த இடைவெளியை அம்மா தன் சேமிப்பிலிருந்து ஈடுகட்டினார். அது பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

செல் உயிரியலில் பி. மற்ற இரண்டிலும் ஏ.

2022 இலையுதிர் முதல் 2023 வசந்தம் வரை

மூலக்கூறு மரபியல், ஆய்வகத்தோடு நுண்ணுயிரியல், நோயெதிர்ப்பியல். அடுத்த பருவத்தில் உயிர்வேதியியல் இரண்டாம் பகுதி, நரம்பு உயிரியல், திசுவியல். நுண்ணுயிரியலில் ஏ மைனஸ், மற்றவற்றில் ஏ. வேலை வாரம் 16 மணி நேரத்தைத் தாண்டவில்லை. இந்த ஓராண்டைப் பற்றிச் சொல்ல வேறு அதிகம் இல்லை.

நான்கு பருவங்களில் 39 கிரெடிட். புதிய வரியில் 3.86. மொத்த ஜி.பி.ஏ. 2.96இலிருந்து 3.18க்கு வந்தது. அறிவியல் மட்டும் 2.70இலிருந்து 3.15க்கு. கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்து 21 ஆயிரம் டாலர் ஆகியிருந்தது.

எம்கேட்டை ஜனவரியில் எழுதுவதாக இருந்தது. டிசம்பர் இறுதியில் எழுதிய இரண்டு முழு மாதிரித் தேர்வுகளிலும் 504ஐத் தாண்டவில்லை. முதல் மதிப்பெண் 501 பட்டியலில் ஏற்கெனவே நிற்கிறது. இரண்டாவதும் அதே இடத்தில் நின்றால் புதிய வரியின் 3.86ஐ நம்ப மாட்டார்கள். தேர்வை மே மாதத்துக்குத் தள்ளினார். உயிர்வேதியியல் இரண்டாம் பகுதியும் நரம்பு உயிரியலும் தேர்வுக்கான படிப்பாகவே அமைந்தன. மே மாத மதிப்பெண் 512.

இரண்டாவது விண்ணப்பம்: 2023

ஜூன் முதல் வாரத்தில் விண்ணப்பம் போயிற்று. 18 எம்.டி. கல்லூரிகள், 11 டி.ஓ. கல்லூரிகள். ஏ.பி. வேதியியல் கிரெடிட்டை ஏற்காத கல்லூரிகளை முன்பே விலக்கியிருந்தோம். பரிந்துரைக் கடிதங்களை உயிர்வேதியியல், உடலியங்கியல் பேராசிரியர்கள் எழுதினார்கள். அலுவல் நேரத்தில் வாரந்தோறும் எதிரே உட்கார்ந்த மாணவியைப் பற்றி அவர்களுக்கு எழுத நிறைய இருந்தது. 2020இல் கடிதம் தந்தவர்கள் இவர் முகத்தைக்கூட நினைவில் வைத்திருந்திருக்க மாட்டார்கள்.

ஆம்காஸில் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகள்தான் இடம். முதல் வரைவில் பாதி, பழைய மதிப்பெண்ணுக்கான விளக்கமாக இருந்தது. பஸ், 18 கிரெடிட், தாண்டிப்போன வகுப்பு எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் படிக்கும்போது முறையீடு போல ஒலித்தது. அதை மூன்று வாக்கியங்களாகச் சுருக்கினார்: விடைகளை மனப்பாடம் செய்தேன், காரணம் கேட்கப் பயந்தேன், பிறகு என்ன செய்தேன் என்பதைப் பட்டியலில் காணலாம். மீதி இடம் முழுவதும் அவசர சிகிச்சைப் பிரிவில் தான் பார்த்ததற்குப் போயிற்று.

விளைவு

எம்.டி. கல்லூரிகளில் இரண்டு நேர்காணல்கள். ஒன்றில் மறுப்பு, ஒன்றில் காத்திருப்புப் பட்டியல், கடைசிவரை நகரவில்லை. டி.ஓ. கல்லூரிகளில் ஐந்து நேர்காணல்கள், இரண்டு இடங்கள். முதல் இடம் 2023 டிசம்பரில் வந்தது.

அன்று இரவு அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மகிழ்ச்சியோடு தயக்கமும் இருந்தது. "டி.ஓ. என்றால் முழு டாக்டர்தானே, டீச்சர்? ஊரில் கேட்டால் என்ன சொல்வது?" இந்தியாவிலும் பிற நாடுகளிலும் ஆஸ்டியோபதி என்றால் எலும்பையும் தசையையும் நீவிச் செய்யும் மாற்று சிகிச்சையைத்தான் நினைப்பார்கள். அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர் எம்.டி.யைப் போலவே முழு உரிமம் பெற்ற மருத்துவர். அறுவை சிகிச்சை செய்யலாம், எல்லா மருந்துகளும் எழுதலாம். 2020இலிருந்து இரு தரப்பின் உறைவிடப் பயிற்சிகளும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. இதை அன்று இரவு அரை மணி நேரம் விளக்கினேன். அப்பா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்படியானால் 2020இலேயே இங்கேயும் போட்டிருக்கலாமே" என்றார்.

2024 ஆகஸ்டில் மாணவி கல்லூரியில் சேர்ந்தார். முதல் ஆண்டில் எந்தப் பாடத்திலும் தவறவில்லை. உயிர்வேதியியல் பகுதியில் வகுப்பின் மேல் கால்பகுதியில் வந்ததாக எழுதியிருந்தார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

2020 விண்ணப்பத்தை அனுப்பியே இருக்கக் கூடாது. அது எனக்கு முந்தைய முடிவு. ஆனால் அதன் தழும்பு 2023 வரை வந்தது. முன்பு விண்ணப்பித்தவரா என்று ஒவ்வொரு கல்லூரியும் கேட்டது.

2022 வசந்தத்தில் நான் பாடங்களைக் கூட்டுமுன் வேலையைக் குறைத்திருக்க வேண்டும். கடன் கெடுவையும் தேர்வுக் குழுவையும் எண்ணிய நான், வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ணவில்லை. அந்த ஒரு பி இல்லாமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. மாணவிக்குத் தூக்கம் கிடைத்திருக்கும்.

ஸ்க்ரைப் வேலையில் மருத்துவமனை அனுபவம் இரண்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. மருத்துவத்துக்கு வெளியே செய்த பொதுச்சேவை ஏறக்குறைய எதுவும் இல்லை. மறுத்த எம்.டி. கல்லூரியின் நேர்காணலில் இதைத்தான் துருவிக் கேட்டார்கள். உணவு வங்கியிலோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இடத்திலோ மாதம் இரண்டு சனிக்கிழமைகள் ஒதுக்கியிருக்கலாம். கோடைப் பத்து சனிக்கிழமைகளுக்குப் பிறகு நான் சனிக்கிழமைகளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

டி.ஓ. வழியை 2021 மார்ச்சிலேயே பெற்றோருக்கு விரிவாக விளக்கியிருக்க வேண்டும். அன்று ஒதுக்கீட்டு விழுக்காட்டைச் சொல்லும்போது பெயரை மட்டும் சொல்லிக் கடந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் கிடைத்த இடம் என்ற எண்ணத்தோடு மகளின் வெற்றி அந்த வீட்டுக்குள் வந்ததற்கு நானும் ஒரு காரணம்.

எனக்கு அதிகம் உறுத்துவது மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் போன மூன்று மாதங்கள். கரீபியன், சென்னை, முதுநிலை என்று எத்தனையோ வழிகளை அந்த மேசையில் அலசினோம். பேசியது அப்பாவும் நானும்தான். மாணவி மூன்று வாக்கியம் பேசியிருப்பார். எப்படிப் படித்தாய் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்பாவின் முன்னால் செருப்புப் பெட்டி வெளியே வந்திருக்காது. இப்போது தமிழ்ப் பள்ளியில் எந்தக் குடும்பம் வந்தாலும் முதல் அரை மணி நேரம் மாணவரோடு மட்டும் உட்காருகிறேன். மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை. பழைய தேர்வுத் தாள் ஒன்றும் வெள்ளைத் தாள் ஒன்றும் கொண்டுவரச் சொல்கிறேன்.